பெருவிரலால் அடித்த கோல்

குளச்சல்
23 மே 2021

அன்புள்ள ஜெரால்டு,

இங்கே எல்லோரும் நலம். அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார், மாத்திரை போட்டுக்கொள்கிறார். நேற்று மாலையும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். நீ அனுப்பிய இரண்டு செய்திகளையும் படித்தேன். இருபத்தாறு நாளாகப் பதில் போடவில்லை. திட்ட வேண்டுமானால் திட்டிக்கொள், நியாயம்தான். அதற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன். அதற்கு முன் ஒரு சேதியைச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் எனக்குக் கை ஓடாது.

அத்லெடிகோ மாட்ரிட் ஸ்பெயின் கால்பந்து லீகை வென்றுவிட்டது மக்கா! நேற்று இரவு, வல்லாதோலித் ஊரில், 2-1. ஏழு வருடம் காத்திருந்து வந்த கோப்பை. வெற்றிக் கோலை அடித்தது யார் தெரியுமா? உங்கள் ஆள். வேண்டாம் என்று உங்கள் பார்சிலோனா போன் போட்டுச் சொல்லி அனுப்பிவிட்ட லூயிஸ் சுவாரெஸ்!

ஏப்ரல் கடைசிக்குப் பிறகு நீ ஓர் ஆட்டம்கூடப் பார்த்திருக்க மாட்டாய். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி. மாமாவுக்கு ஒவ்வொரு திங்கட்கிழமையும் திண்ணையில் உட்கார்ந்து சொல்வேனே, அதே மாதிரிதான் சொல்லப்போகிறேன்.

ஜனவரி கடைசியில் நாம் மூவரும் போனில் பேசியது நினைவிருக்கிறதா? அப்போது அத்லெடிகோ 19 ஆட்டத்தில் 50 புள்ளி. ரியல் மாட்ரிடும் பார்சிலோனாவும் ஓர் ஆட்டம் கூடுதலாக ஆடியும் 40இல் நின்றன. "இனி என்ன, கோப்பையை வைக்க இடம் பார்க்கச் சொல்" என்று நீயே வயிற்றெரிச்சலோடு சொன்னாய். மாமா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. கரை தெரிகிற இடத்தில்தான் வள்ளம் கவிழும் என்றார்.

அப்படியேதான் ஆனது. வாரத்துக்கு வாரம் முன்னிலை கரைந்தது. மார்ச்சில் அலாவெஸ் ஆட்டத்தில் 1-0 என்று இழுத்துக்கொண்டிருந்தபோது, கடைசி நேரத்தில் ஒரு பெனால்டி. ஓப்லாக் பாய்ந்து தடுத்தார். அன்று மாமா என்னிடம், "உன் அணிக்கு கோல்கீப்பர்தான் நங்கூரம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் வெற்றிலை போட்டுக்கொண்டார். ஏப்ரல் 25ஆம் தேதி பில்பாவோவில் 2-1 என்று தோற்றோம். அந்த இரவு மாமா மருத்துவமனையில் இருந்தார். தோற்றதை அவரிடம் சொல்ல முடியவில்லை.

இதற்கு நடுவில் உன் அணி என்ன செய்தது தெரியுமா? ஏப்ரல் 29. கிரனாதாவை வென்றிருந்தால் பார்சிலோனாதான் முதலிடம். சொந்த மைதானம், மெஸ்ஸி முதல் கோலையும் போட்டுவிட்டார். அப்புறம் 2-1 என்று தோற்றார்கள். அன்று நீ இருந்த நிலையில் இதைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. இப்போது சொல்கிறேன், அது தோற்கவே கூடாத ஆட்டம். அதற்கு நீயும் நானும் ஒரு நாள் உட்கார்ந்து சண்டை போட்டே ஆக வேண்டும்.

மே 1ஆம் தேதி எல்சேயில் 1-0 என்று போய்க்கொண்டிருந்தது. ஆட்டம் முடிகிற நேரத்தில் அவர்களுக்குப் பெனால்டி. ஓப்லாக் ஒரு பக்கம் பாய்ந்துவிட்டார், பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. அடுத்த வாரம் உங்களோடு 0-0. மறுநாள் செவிய்யாவை வென்றால் ரியல் மேலே ஏறிவிடும் என்ற நிலை. 94ஆவது நிமிடத்தில் அசாரின் காலில் பட்டுத் திரும்பிய பந்து கோலாகி, அவர்களும் 2-2 என்று தப்பினார்கள். மூன்று அணிகளும் வள்ளத்தின் ஒரே ஓரத்தில் நின்றுகொண்டு ஆடியதுபோல் இருந்தது.

அடுத்து மே 16. டவ்தே புயல் வடக்கே போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் நம் கடல் அடங்கவில்லை, தெருவில் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர், கரண்ட் இல்லை. போனில் நாற்பது சதவீதம் சார்ஜ் இருந்தது. இரவு பத்து மணிக்கு ஒசாசூனாவோடு ஆட்டம். நாங்கள் போட்ட இரண்டு கோல்களை ஆப்சைடு என்று எடுத்துவிட்டார்கள். 75ஆவது நிமிடத்தில் அவர்கள் கோல் போட்டார்கள். அங்கே பில்பாவோவில் ரியல் வென்றுகொண்டிருந்தது. அந்த நேரத்தில் கோப்பை ரியலின் கையில் இருந்தது. 82இல் லோடி சமன் செய்தார். 88இல் கராஸ்கோ கொடுத்த பந்தை சுவாரெஸ் முதல் தொடுதலிலேயே உள்ளே தள்ளினார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மேரி அக்கா வெள்ளம் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று நினைத்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அதே இரவு நீங்கள் செல்தாவிடம் தோற்றுப் பந்தயத்திலிருந்தே வெளியேறினீர்கள்.

ஆக, நேற்று கடைசி நாள். எங்களுக்கு 83, ரியலுக்கு 81. சமன் ஆனால் போதாது. இரு அணியும் ஒரே புள்ளியில் நின்றால் அங்கே கோல் வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை, நேருக்கு நேர் ஆடியதைத்தான் பார்ப்பார்கள். டிசம்பரில் ரியலிடம் 2-0 என்று தோற்றிருந்தோம், மார்ச்சில் 1-1. ஆகவே ரியல் வென்றால் நாங்களும் வென்றே தீர வேண்டும். 2014இல் இதே விதியை வைத்துத்தானே நீ உங்கள் கம்ப் நோ மைதானத்து ஆட்டத்துக்கு முன்னால் நோட்டுப் புத்தகத்தில் கணக்குப் போட்டு எங்கள் எல்லோருக்கும் பாடம் எடுத்தாய்! அப்புறம் எங்கள் கோடின் தலையால் முட்டிக் கோல் போட்டார். உங்கள் மைதானத்துக் கூட்டமே எழுந்து நின்று அத்லெடிகோவுக்குக் கைதட்டியது. மாமா உன்னையும் எழுப்பிவிட்டுக் கைதட்ட வைத்தார். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினாய். அதற்காகவே உன்னை எனக்குப் பிடிக்கும், இதுவரை சொன்னதில்லை.

நேற்று இங்கே ஊரே கலவரமாக இருந்தது. திங்கட்கிழமையிலிருந்து தளர்வில்லாத ஊரடங்கு என்று அறிவித்து, இரண்டு நாள் மட்டும் இரவு ஒன்பது வரை கடைகளைத் திறக்கச் சொல்லியிருந்தார்கள். சந்தையில் கால் வைக்க இடமில்லை. அம்மாவுக்கு அரிசி, மண்ணெண்ணெய், ரத்த அழுத்த மாத்திரை எல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டு வீடு சேரும்போது ஒன்பதே கால். ஒன்பதரைக்கு ஆட்டம். ஃபேஸ்புக்கில் இரண்டு ஆட்டமும் இலவசமாக ஓடின. என் போனையும் தங்கையின் போனையும் உப்பு ஜாடியில் சாய்த்து வைத்தேன். இடது பக்கம் நாங்கள், வலது பக்கம் ரியல்.

18ஆவது நிமிடத்தில் எங்களுக்குக் கார்னர். அது எதிரியின் காலுக்குப் போய், அப்படியே மறுமுனைக்கு ஓடி கோலாகிவிட்டது. வல்லாதோலித்துக்கும் அது வாழ்வா சாவா ஆட்டம், தோற்றால் இரண்டாம் பிரிவு. அந்த அணியின் முதலாளி யார் தெரியுமா? நம் பிரேசில் ரொனால்டோ. 2002 உலகக் கோப்பை முடிந்ததும் மாமா கத்திரியை எடுத்து உன் மண்டையில் முன்பக்கம் மட்டும் முக்கோணமாக முடியை விட்டு வெட்டினாரே, அந்த ரொனால்டோ. பள்ளிக்கூடத்துக்குத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தாய்.

இடைவேளைக்கு அப்புறம்தான் அந்தக் கோல். 57ஆவது நிமிடம். கொரேயா பந்தை வாங்கி, பெட்டியின் விளிம்பில் ஆட்களுக்கு நடுவே நுழைந்தார். காலை வீசி அடிக்க இடமே இல்லை. பூட்ஸின் நுனியால், பெருவிரலால், சட்டென்று ஒரு குத்து. கோல்கீப்பர் குனிவதற்குள் பந்து மூலையில் போய் உட்கார்ந்துவிட்டது.

நான் கத்தவில்லை. கோயில் மைதானத்தில் மாமாவின் விசில் சத்தம் கேட்டதுபோல் இருந்தது. "பெருவிரலால் அடிக்காதே! அடித்தால் கோல் கிடையாது!" எத்தனை கோலை அப்படி அழித்திருக்கிறார்! என்னுடையதை மட்டும் நூறாவது இருக்கும். நகம் பெயரும், குறி தப்பும், காலின் உட்பக்கத்தால் அடி என்பார். வெறுங்காலோடு மணலில் ஆடிய பிள்ளைகளுக்கு அது சரியான பாடம்தான். ஆனால் இந்தக் கொரேயா யார் என்று யோசித்துப் பார். 2014இல் அர்ஜென்டினாவிலிருந்து வந்தபோது, மருத்துவப் பரிசோதனையில் இதயத்தில் கட்டி இருப்பது தெரிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட பையன். பந்தைத் தொடாமல் மாதக்கணக்கில் இருந்தவன். அவன் எந்த விரலால் வேண்டுமானாலும் அடிக்கட்டும். இதை மாமாவிடம் சொல்லி அவரோடு வாதாட வேண்டும் என்று அந்த நொடியில் அவ்வளவு ஆசையாக இருந்தது.

67ஆவது நிமிடத்தில், அவர்கள் தப்பாகத் தட்டிவிட்ட பந்து சுவாரெஸிடம் வந்தது. பாதி மைதானம் அவருக்கு முன்னால் காலியாகக் கிடந்தது. தனியாக ஓடினார். ஓட்டத்தில் வேகம் இல்லை, முப்பத்து நான்கு வயதுக் கால்கள். ஆனால் கோல்கீப்பரை நெருங்கியதும் இடது காலால் தரையோடு தரையாக உருட்டிவிட்டார் பார், அது வயது பார்க்காத அடி. இந்த சீசனில் லீகில் அவருடைய 21ஆவது கோல். வலது பக்கப் போனில் ரியல் தோற்றுக்கொண்டிருந்தது. 87இல் பென்சிமா, கூடுதல் நேரத்தில் மோட்ரிச், இரண்டு கோல் போட்டு ஜெயித்தும் விட்டார்கள். அந்த சுவாரெஸ் கோல் இல்லையென்றால் எல்லாம் போயிருக்கும். 86க்கு 84 என்று முடிந்தது. பாவம் வல்லாதோலித், இறங்கிவிட்டார்கள்.

இனி, நான் ஏன் எழுதவில்லை என்பது.

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் குதித்துக்கொண்டிருந்தார்கள். மைதானத்தில் ரசிகர்கள் கிடையாது, ரசிகர்கள் வெளியே தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். சுவாரெஸ் மட்டும் தனியாகப் புல்லில் உட்கார்ந்து, கையில் போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, வீட்டாரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். தோள் குலுங்கக் குலுங்க அழுதார். மகிழ்ச்சியில் வந்த அழுகைதான். எனக்குத் தெரிந்தது வேறொன்று.

கல்லறைத் தோட்டத்தில் உனக்காகப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேனே. நான்கு பேரும் கவச உடையில், முகம் தெரியாமல், மாமாவை இறக்கினார்கள். எங்களைக் கேட்டுக்கு வெளியேதான் நிறுத்தியிருந்தார்கள். கையை நீட்டிக் கம்பிக்குள்ளே போனை விட்டிருந்தேன். பெட்டி தரைக்குக் கீழே போகிற நேரத்தில் சிக்னல் போய்விட்டது. உன் முகம் திரையில் அப்படியே உறைந்து நின்றது, வாய் பாதி திறந்தபடி. நீ என்னைக் கூப்பிட்டாயா, அப்பா என்றாயா, தெரியவில்லை. மறுபடியும் இணைப்பு வந்தபோது மண் போட்டு முடித்துவிட்டார்கள். "ஆயிற்றா?" என்று கேட்டாய். "ஆயிற்று" என்றேன். நீ பார்க்கவில்லை என்று தெரிந்தும் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஒரு நிமிடத்தை என்னால் உனக்குக் கொடுக்க முடியவில்லையே என்றுதான் இத்தனை நாளும் பேனாவை எடுத்து எடுத்துக் கீழே வைத்தேன்.

இப்போது சொல்கிறேன், கேள். பெட்டியை மெதுவாகத்தான் இறக்கினார்கள். ஒருவரும் அவசரப்படவில்லை. பாதிரியார் தள்ளி நின்று ஜெபம் சொன்னார், காற்றில் பாதிதான் கேட்டது. வேப்பமரத்துக்குக் கிழக்கே, உன் தாத்தாவுக்குப் பக்கத்தில். அங்கிருந்து பார்த்தால் மைதானத்தின் வடக்குக் கோல்கம்பம் தெரியும். பழைய ஆட்டக்காரர்கள் பதினைந்து பேர் சாலையில் இடைவெளி விட்டு நின்றிருந்தார்கள், எல்லோரும் அந்த நீல ஜெர்சியில். இதை அன்றே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

நீ வரவில்லையே என்று இங்கே யாரும் பேசவில்லை. ஓமன் ஏப்ரல் 24ஆம் தேதியே கதவை அடைத்துவிட்டது, வந்தால் திரும்ப முடியாது, வேலை போய்விடும், வீட்டுக் கடன் நிற்கும் என்று அம்மாவே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீயும் உன்னைப் போட்டு வதைத்துக்கொள்ளாதே.

வருகிற புதன்கிழமை முப்பதாம் நாள். கோயில் பூட்டிக் கிடக்கிறது, பாதிரியார் தனியாகப் பூசை வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். காலை ஆறு மணிக்கு. இந்த முறை கோயில் முற்றத்தில் சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தை மூன்று நாள் முன்பே நடந்து நடந்து பார்த்துவைத்துவிட்டேன், மணிக்கூண்டுக்குத் தெற்கே. அங்கே இரண்டு போன் கொண்டுபோகிறேன். உனக்கு அப்போது நாலரை மணி, அலாரம் வைத்துக்கொள்.

அம்மா நேற்று மாமாவின் விசிலை எடுத்து என்னிடம் கொடுத்தார், பிள்ளைகளுக்கு இனி நீ சொல்லிக்கொடு என்று. கயிற்றில் வெற்றிலைக் கறை அப்படியே இருக்கிறது. வாங்கி, திரும்ப அலமாரியிலேயே வைத்துவிட்டேன். நீ வந்து உன் கையால் கொடு, வாங்கிக்கொள்கிறேன்.

அதற்கு முன் ஒன்று கேட்கிறேன், அந்தக் கொரேயா கோலைத் தேடிப் பார்த்துவிட்டுப் பதில் எழுது. மாமா அதைக் கொடுத்திருப்பாரா, விசில் ஊதியிருப்பாரா?

உன்
அந்தோணி