மினுக்கினால் உடனே கழற்றத்தான் வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ரங்கூன் தாம்வே பகுதியில் தையல் தொழில் செய்து பிழைப்பவள். தங்கள் நாளிதழின் வீட்டுக் குறிப்புகள் பகுதியில், "டியூப் லைட் மினுக்கினால் யோசிக்காதீர்கள், பட்டியோடு (டியூபைத் தாங்கும் சட்டத்தோடு) கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டிவிடுங்கள்" என்று ஓர் அன்பர் எழுதியிருந்தார். அவர் வீட்டில் மின்சாரம் ஒழுங்காக வருகிறது என்பது மட்டும் அதிலிருந்து நன்றாகத் தெரிகிறது. வாழ்க!

எங்கள் நிலைமை வேறு. இந்த நாடு பெருமளவு நீர்மின்சாரத்தை நம்பியிருக்கிறது. மார்ச் தொடங்கி மழை பிடிக்கும்வரை அணைகளில் தண்ணீர் இறங்கிவிடும். மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். வந்த உடனே தெரு முழுவதும் மின்அடுப்பில் சோறு ஏறும். 230 வோல்ட் காட்ட வேண்டிய ரெகுலேட்டர் பெட்டியின் முள் 170-இல் படுத்துக்கிடக்கும். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதால், பச்சை லுங்கியும் வெள்ளைச் சட்டையுமாகச் சீருடைத் துணி என் மேசையில் குவிவதும் அதே மாதங்களில்தான். அந்த நேரத்தில் மினுக்குகிற ஒவ்வொரு விளக்கையும் கழற்றுவதென்றால் வீட்டில் விளக்கே மிஞ்சாது.

மினுக்குவதற்குக் காரணம் என்ன என்று முதலில் பார்க்க வேண்டாமா? மின்னோட்டத்தை அளவோடு விடும் கம்பிச்சுருளான பழைய இரும்பு சோக் வைத்த பட்டியில், சுவிட்சைப் போட்டதும், விளக்கைப் பற்றவைக்கும் சின்ன உருளையான ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் சிறு கண்ணாடிக் குமிழில் வாயு ஒளிரும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் உலோகத் தகடு வளைந்து தொடுமுனைகளைச் சேர்க்கும். மின்சாரம் டியூபின் இரு முனை இழைகள் வழியாக ஓடி அவற்றைக் காய்ச்சும். தகடு ஆறிப் பிரிகிற கணத்தில் சோக் பல நூறு வோல்ட் அழுத்தத்தை ஒரே உதையாகக் கொடுக்கும், டியூப் பற்றிக்கொள்ளும். எரியத் தொடங்கிய நான்கடி டியூபின் குறுக்கே ஏறத்தாழ நூறு வோல்ட்தான் இருக்கும் என்பதால் ஸ்டார்ட்டர் மறுபடி தலையிடாது. வோல்டேஜ் 180-க்குக் கீழே இறங்கினால் இழை சரியாகக் காயாது, உதையிலும் வலு இருக்காது. ஸ்டார்ட்டர் பாவம், திரும்பத் திரும்ப முயல்கிறது. அதைத்தான் நாம் மினுக்கல் என்கிறோம். கோளாறு கம்பியில் வருகிற மின்சாரத்தில். பழி டியூபின் மேல்.

ஆனால் மினுக்குகிற விளக்கை அப்படியே விட்டுவைப்பதும் தவறு. ஒவ்வொரு முயற்சியிலும் இழையின் மேல் பூசிய பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறி, டியூபின் முனைகளில் கருப்பாகப் படியும். நல்ல டியூபைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். சுவிட்சை அணைத்துவிட்டு, ரெகுலேட்டர் முள் ஏறிய பிறகு போடுங்கள்.

முள் நன்றாக நின்றும் மினுக்கினால் அப்போதுதான் பட்டியைப் பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் மின்வேலை பார்க்கும் பர்மியப் பெரியவரை எல்லோரும் சயா, அதாவது ஆசான், என்றுதான் கூப்பிடுவோம். அவர் பையைத் திறப்பதற்கு முன் மெயின் சுவிட்சை அணைப்பார். முக்காலியில் ஏறி டியூபை இரண்டு விரலால் மெல்ல உருட்டிப் பார்ப்பார். முனையில் இருக்கும் இரண்டு பித்தளை முட்களும் ஹோல்டரில் முழுமையாகத் திரும்பி உட்கார்ந்தால் ஒரு சிறு அழுத்தம் கைக்குத் தெரியும். எங்கள் ஊர் மழைக்காலத்தில் அந்த முட்களில் களிம்பு பிடித்துவிடும். சயா உப்புத்தாளை மடித்து முட்களைத் தேய்ப்பார், தளர்ந்த ஹோல்டர் தகட்டை நெம்பி நிமிர்த்துவார், பட்டிக்குப் பின்னால் பல்லி ஒட்டிவைத்த முட்டைகளைத் தொடாமல் இறங்குவார். பாதி வீடுகளில் அவர் வேலை அத்தோடு முடிந்துவிடும். கூலி கேட்கக்கூட அவருக்கு வெட்கம்.

இரு முனையும் செம்மஞ்சளாகக் கனன்று நடுவில் இருட்டாகவே இருந்தால் ஸ்டார்ட்டரின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டன என்று பொருள். அப்படியே விட்டால் சோக் சூடேறும். அணைத்துவிட்டு, பக்கத்து அறையில் நன்றாக எரியும் விளக்கின் ஸ்டார்ட்டரைத் திருகி எடுத்து இதில் போட்டுப் பாருங்கள். பட்டியில் இருப்பதிலேயே விலை குறைந்த பொருள் அதுதான். இரண்டடி டியூப் இரண்டைச் சேர்த்துப் பொருத்திய பட்டிக்கு வேறு வகை ஸ்டார்ட்டர் வேண்டும் என்பதை மட்டும் கடையில் சொல்லிக் கேளுங்கள். புது டியூபைப் போட்ட உடனே அதன் இழை பளிச்சென்று எரிந்து அறுந்துபோனால், தயவுசெய்து இன்னொரு டியூபைப் பலிகொடுக்காதீர்கள். அது சோக்கின் குற்றம், மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும்.

டியூப் வாங்கும்போது முனையில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் பாருங்கள். 765 என்றால் நிறம் சுமாராகத் தெரியும். 865 என்றால் நன்றாகத் தெரியும். கரும்பச்சை நூலையும் கருப்பு நூலையும் பிரித்து எடுக்க வேண்டிய என்னைப் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. இரும்பு சோக்கில் எரியும் டியூப் நொடிக்கு நூறு முறை மங்கி எழுவதால், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் தையல் இயந்திரத்தின் சக்கரம் சில வேளைகளில் நிற்பதுபோலக் கண்ணை ஏமாற்றும். அதனால் ஊசிக்கு அருகில் ஒரு சிறிய குண்டு பல்பும் வைத்திருக்கிறேன்.

எல்.இ.டி.க்கு நான் எதிரியல்ல. நாற்பது வாட் டியூபும் சோக்கும் சேர்ந்து ஐம்பது வாட் அளவுக்குத் தின்னும் இடத்தில் அது இருபதுக்குள் முடித்துக்கொள்ளும். பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் 2023-இல் ஜெனீவாவில் கூடி, பாதரசம் உள்ள இந்த டியூப்களின் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் நிறுத்த முடிவெடுத்துவிட்டன. மாறத்தான் போகிறோம். ஆனால் "அதே இடத்தில் மாட்டிவிடுங்கள்" என்று ஒரே வரியில் முடிக்கலாமா? எல்.இ.டி. டியூபில் ஒரு முனையில் மட்டும் மின்சாரம் கொடுக்கும் வகை உண்டு. இரு முனையிலும் கொடுக்கும் வகையும் உண்டு. சிலவற்றுக்கு ஸ்டார்ட்டரை எடுத்துவிட்டு, கூடவே தருகிற மாற்றுத் துண்டைச் செருக வேண்டும். சிலவற்றுக்கு சோக்கைத் தவிர்த்துக் கம்பியையே மாற்றிக் கட்ட வேண்டும். வகை தெரியாமல் ஏறி மாட்டுகிறவருக்கு ஷாக் அடித்தால் யார் பொறுப்பு?

இன்னொன்று. கழற்றிய டியூபை எங்கே போடுவது என்று அந்த அன்பர் ஒரு சொல்கூட எழுதவில்லை. எங்கள் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் நான்கடி டியூப்கள் சாய்ந்து கிடக்கின்றன. பிள்ளைகள் அவற்றை எடுத்து வாள்சண்டை போடுகிறார்கள். உள்ளே சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. உடைந்தால் பிள்ளைகளை வெளியே அனுப்பி, சன்னலைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் பொறுத்து, தடித்த அட்டையால் சில்லுகளை அள்ளி, ஈரக் காகிதத்தால் துடைத்து, மூடியுள்ள புட்டியில் போட வேண்டும். துடைப்பத்தால் கூட்டினால் அது வீடெங்கும் பரவும். தங்கள் பகுதியில் இதையாவது அடுத்த வாரம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையற்காரி,
தாம்வே, ரங்கூன்