யூதர்களின் மாதவிலக்குச் சட்டம்: கட்டுரையில் விட்டுப்போனவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மாதவிலக்கும் மதங்களும் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல எண்ணத்தோடு எழுதியிருக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் யூத மதத்துக்கு வந்ததும் நாலே வரியில், அவர்களும் தூரமான பெண்ணை வீட்டுக்கு வெளியே தள்ளிவைத்தார்கள், வேதம் படிக்க விடவில்லை, ஆக எல்லா மதமும் இதில் ஒன்றுதான் என்று முடித்துவிட்டார்கள். ஆரம்பகால ரபிமாரின், அதாவது யூதச் சட்ட அறிஞர்களின், சட்டத்தைப் பொறுத்தவரை முதல் இரண்டும் தப்பு. அதற்காக அந்தச் சட்டம் பெண்களுக்குச் சாதகமானது என்று நான் வாதாட வரவில்லை. அவர்கள் பெண்ணை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, அவள் உடம்பிலிருந்து வருவதைப் பார்த்துப் பொருள் சொல்லும் உரிமையைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். அது வேறு விதமான பிடி, அதை அப்படியே சொல்ல வேண்டும் என்பதுதான் என் கட்சி.

மூலம் பைபிளில் லேவியராகமம் 15-ஆம் அதிகாரம். சர்ச்சுக்குப் போகிற வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். மாதவிலக்கான பெண்ணுக்கு ஏழு நாள் தீட்டு, அவளைத் தொட்டவர்களுக்குச் சாயங்காலம் வரை தீட்டு, அவள் படுத்த படுக்கையும் உட்கார்ந்த இடமும் தீட்டு. இதே அதிகாரம்தான் ஆணுக்கு விந்து வெளிப்பட்டால் அவன் குளித்துவிட்டுச் சாயங்காலம் வரை தீட்டாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது, அந்த வசனத்தை மட்டும் யாரும் எடுத்துக்காட்டுவதில்லை. இந்தத் தீட்டு வந்தது பாவம் என்று அங்கே எங்கும் இல்லை. பிணத்தைத் தொட்டு அடக்கம் பண்ணினாலும் தீட்டுதான், அடக்கம் பண்ணுவதோ கடமை. தீட்டோடு ஆலயத்துக்குள் போகக் கூடாது, பரிசுத்தமான உணவைத் தொடக் கூடாது, அவ்வளவுதான். அந்த நாட்களில் உடலுறவு கூடாது என்பது மட்டும் தனி விலக்கு, அது 18, 20-ஆம் அதிகாரங்களில் கடுமையான தண்டனையோடு வருகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். காலம் தப்பி ரத்தம் போனால் வேறு கணக்கு. ரத்தம் நின்ற பிறகு ஏழு சுத்தமான நாள் எண்ண வேண்டும், எட்டாம் நாள் இரண்டு புறாக்களை ஆசாரியனிடம் கொண்டுபோக வேண்டும். மாற்கு சுவிசேஷத்தில் 12 வருஷம் பெரும்பாடு பட்ட பெண் வருகிறாளே, அவள் இந்தக் கணக்கில் வருபவள்.

கி.பி. 70-இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்தார்கள். ஆலயம் போன பிறகு மற்றத் தீட்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக வழக்கொழிந்துபோக, இது மட்டும் நின்றது, ஏனென்றால் படுக்கையறை விலக்குக்கு ஆலயம் தேவையில்லை. சுமார் 200-இல் யூதா ஹநாசி என்ற ரபி, வாய்மொழிச் சட்டங்களை மிஷ்னா என்ற நூலாகத் தொகுத்தபோது ஆறு பிரிவுகளில் கடைசிப் பிரிவு முழுக்கத் தீட்டு, சுத்தம் பற்றியது. அதில் ஒரு பகுதி ‘நித்தா’, அதாவது மாதவிலக்கு, பத்து அதிகாரம். அந்தக் கடைசிப் பிரிவில், மிஷ்னாவுக்குப் பின்வந்த ரபிமாரின் விரிவான விளக்கமான பாபிலோனியத் தல்மூத் முழு விளக்கம் தருவது இந்த ஒரு பகுதிக்குத்தான்.

சரி, வீட்டுக்கு வெளியே என்ற விஷயம். சாக்கடல் ஓரம் கும்ரான் குகைகளில் கிடைத்த ஆலயச் சுருள், ஒவ்வொரு ஊரிலும் இந்தப் பெண்களுக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறது. எத்தியோப்பியாவின் பேட்டா இஸ்ரேல் யூதர்கள் நம் காலம் வரை தனிக் குடிசை வைத்திருந்தார்கள், ஆனால் அவர்கள் தல்மூத் மரபுக்கு வெளியே வளர்ந்தவர்கள். கட்டுரையாளர் இதில் ஏதோ ஒன்றைப் படித்துவிட்டு எல்லா யூதர்களுக்கும் பொருத்திவிட்டார் என்று நினைக்கிறேன். மிஷ்னாவிலும் ஒரு இடத்தில் தீட்டுப் பெண்களின் வீடு என்பது போல ஒரு குறிப்பு வருகிறது, அதன் பொருளைப் பற்றி அறிஞர்கள் சண்டை போடுகிறார்கள். ஆனால் அங்கே போய்த்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் அதில் இல்லை. தல்மூத்திலோ அவள் வீட்டில்தான் இருக்கிறாள், வேலையும் செய்கிறாள். மனைவி கணவனுக்குச் செய்யும் எல்லா வேலையையும் மாதவிலக்கிலும் செய்யலாம், மூன்று மட்டும் கூடாது: அவனுக்குக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பது, படுக்கை விரிப்பது, முகம் கை கால் கழுவிவிடுவது. மூன்றும் நெருக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போகிற வேலைகள் என்பதால் விலக்கு. அதற்கும் அவரவர் வீட்டில் ஒரு வழி வைத்திருந்தார்கள், சாமுவேல் என்ற அறிஞரின் மனைவி கிண்ணத்தை இடது கையால் கொடுப்பாராம். சமையலிலிருந்து மட்டும் ஓய்வு கிடையாது, கவனியுங்கள்.

வேதம் படிப்பதற்கு வருவோம். மிஷ்னாவின் காலத்தை ஒட்டிய தோசெப்தா என்ற தொகுப்பு தெளிவாகச் சொல்கிறது: மாதவிலக்கான பெண்களும் பிள்ளை பெற்ற பெண்களும் தோராவை (மோசேயின் ஐந்து ஆகமங்களை) வாசிக்கலாம், மிஷ்னாவும் படிக்கலாம். கூடாது என்று அங்கே நிறுத்தப்படுபவன் விந்து வெளிப்பட்டும் குளிக்காத ஆண்! ஜெபக்கூடத்துக்குள் போகக் கூடாது என்பது போன்ற கெடுபிடிகள் பிற்பாடு வந்த ‘பரைத்தா த-நித்தா’ என்ற நூலின் வழியாகப் பரவியவை. அந்த நூலுக்குத் தல்மூத்தின் அதிகாரம் கிடையாது, ஆனாலும் பல ஊர்களில் பழக்கமாகிவிட்டது. சட்டத்தில் இல்லாதது பழக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வது யூதர்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல, விட்டுவிடுவோம்.

இப்போது உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். நித்தா பகுதியின் முதல் வரியே ஷம்மாய், ஹில்லேல் என்ற இரண்டு பழைய ஆசான்களுக்கு இடையே ஒரு தகராறு. ஒரு பெண் புதன்கிழமை ரத்தம் பார்க்கிறாள், கடைசியாகத் துணி வைத்துச் சோதித்தது ஞாயிற்றுக்கிழமை, நடுவில் சுத்தமாக வைத்திருக்க வேண்டிய உணவைத் தொட்டிருக்கிறாள், அது தீட்டா? பார்த்த நேரத்திலிருந்துதான் தீட்டு, அதற்கு முன்னால் தொட்டதெல்லாம் சுத்தம் என்கிறார் ஷம்மாய். ஞாயிற்றுக்கிழமை சோதனை வரை பின்னோக்கிப் போய் எல்லாமே தீட்டு என்கிறார் ஹில்லேல். பொதுவாகக் கறார் பேர்வழி ஷம்மாய், இளகினவர் ஹில்லேல் என்று பெயர், இங்கே தலைகீழ். மற்ற அறிஞர்கள் இரண்டு பேர் பேச்சையும் ஏற்கவில்லை: ஒரு முழு நாள் பின்னால் போ, இல்லாவிட்டால் கடைசிச் சோதனை வரை போ, இரண்டில் எது குறைவோ அது. ஒழுங்காக மாதம் தவறாமல் வருகிறவளுக்கும், கர்ப்பிணிக்கும், பால் கொடுப்பவளுக்கும், வயதானவளுக்கும் பின்னோக்கிப் போகிற கணக்கே இல்லை.

இந்தக் கணக்கின் விளைவு என்ன? அடிக்கடி சோதித்தால் நஷ்டம் குறைவு. ஆகவே பெண் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அடிக்கடி சோதிக்கிற கை பெண்ணுடையதானால் புகழத்தக்கது, ஆணுடையதானால் வெட்டப்பட வேண்டியது என்றே மிஷ்னா எழுதிவைத்திருக்கிறது. குடிசைக்கு அனுப்புவதை விட இது எனக்கு ஒரு வகையில் அதிகக் கெடுபிடியாகத் தெரிகிறது. குடிசையில் ஐந்து நாளோடு முடிந்தது, இதில் மாதம் முழுக்க ஒரு கண் தன் மேலேயே வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் நிறம். தீட்டான ரத்தம் ஐந்து வகை என்று ஒரு பட்டியல்: சிவப்பு, கறுப்பு, குங்குமப்பூ நிறம், மண் கரைத்த தண்ணீர், கலந்த திராட்சரசம். இவை எப்படியிருக்கும் என்று அடுத்த பத்தி விளக்குகிறது. சிவப்பு என்றால் காயத்து ரத்தம் மாதிரி. கறுப்பு என்றால் மை மாதிரி. மண் தண்ணீர் என்றால் பேத்கேரேம் பள்ளத்தாக்கு மண்ணை எடுத்து அதன் மேல் தண்ணீர் நிற்கும்படி ஊற்றிப் பார்க்க வேண்டும். திராட்சரசம் என்றால் சாரோன் சமவெளி ரசம் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு. ஷம்மாய் பள்ளியினர் வெந்தயம் ஊறிய தண்ணீர் நிறத்தையும் சுட்ட இறைச்சியிலிருந்து வடிகிற சாற்றின் நிறத்தையும் சேர்க்க, ஹில்லேல் பள்ளியினர் அவை சுத்தம் என்கிறார்கள். பாருங்கள், வெந்தயம் ஊறவைத்தவளும் இறைச்சி சுட்டவளும் பெண், அந்த நிறங்களை அன்றாடம் கையில் பார்த்தவளும் அவள்தான், ஆனால் துணியைக் கொண்டுபோய்க் காட்டித் தீர்ப்பு வாங்க வேண்டியது ஆண்களிடம். மிஷ்னாவின் இந்தப் பகுதியைப் படித்தால் எனக்கு முதலில் ஆச்சரியம், பிறகு எரிச்சல், இரண்டும் வந்துவிடும்.

அதற்காக எல்லா ரபிகளும் தீட்டைத் தேடி அலைந்தவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு பெண் ரபி அகிவாவிடம் வந்து, துணியில் கறை பார்த்தேன் என்கிறாள். உடம்பில் புண் ஏதாவது இருந்ததா என்று கேட்கிறார். இருந்தது, ஆறிவிட்டது என்கிறாள். திரும்பப் பிளந்து ரத்தம் வரக்கூடியதா என்கிறார். ஆமாம் என்கிறாள். சரி, நீ சுத்தம், போ என்று சொல்லிவிட்டார். சீடர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதில் என்ன கஷ்டம் உங்களுக்கு, கறையைப் பற்றி முன்னோர் சொன்னது இறுக்குவதற்கு அல்ல, தளர்த்துவதற்கு, வேதம் ரத்தம் என்றுதான் சொல்கிறது, கறை என்று சொல்லவில்லை என்றார். கசாப்புக் கடைத்தெரு வழியாக வந்தேன், பேன் நசுக்கினேன் என்று எதன் மேல் வேண்டுமானாலும் கறைக்குப் பழி போடலாம் என்று மிஷ்னா அனுமதிக்கிறது. இதே அகிவாதான், அந்த நாட்களில் பெண் கண்ணுக்கு மை இடக் கூடாது, வண்ணத் துணி உடுத்தக் கூடாது என்ற பழைய பெரியவர்களின் விதியை நீக்கியவர். அவர் சொன்ன காரணம், அப்படி வைத்தால் கணவனுக்கு வெறுப்பு வந்து விவாகரத்து செய்துவிடுவான் என்பது. நல்ல காரியம்தான், ஆனால் காரணத்தில்கூட கணவன்தான் நிற்கிறான்.

பெண்கள் வாயை மூடிக்கொண்டு துணியை நீட்டினார்களா என்றால் அதுவும் இல்லை, தல்மூத்தே சாட்சி. ரப் நஹ்மானின் மனைவி யல்தா ஒரு அறிஞரிடம் ரத்தத்தைக் காட்டினார், அவர் தீட்டு என்றுவிட்டார். நேரே இன்னொருவரிடம் போனார், அவரும் முதலில் தீட்டு என்றே சொல்ல, யல்தா விடவில்லை, முதலாமவரைப் பற்றிச் சொன்னார்: “தினமும் இந்த மாதிரியைச் சுத்தம் என்று சொல்கிறவர், இன்றைக்கு அவருக்குக் கண் வலி!” அதைக் கேட்டு இரண்டாமவர் சுத்தம் என்று தீர்ப்பை மாற்றினார். அதே பக்கத்தில் பாரசீக அரசன் சாபூரின் தாய் இஃப்ரா ஹோர்மிஸ் வருகிறார். அவர் ராவா என்ற அறிஞரின் திறமையைச் சோதிக்க அறுபது வகை ரத்தத்தை அனுப்பிவைக்கிறார். ராவா எல்லாவற்றையும் கண்டுபிடித்து, ஒன்றில் மட்டும் திணறுகிறார். அது பேன் ரத்தம். ஆனால் தற்செயலாக அவர் திருப்பி அனுப்பிய பரிசு ஒரு பேன் சீப்பு! கதைதான், ஆனால் ரத்தம் பார்ப்பது ஒரு வித்தையாக, கெட்டிக்காரத்தனமாக, ஆண்களின் பெருமையாக மாறிவிட்டதை இதைவிட நன்றாக எது காட்டும்.

அந்த வித்தை தனக்கு வராது, நான் ரத்தம் பார்ப்பதில்லை என்று ஒதுங்கியவர் ரபி சேரா. இஸ்ரவேலின் பெண்கள் கடுகளவு ரத்தம் கண்டாலும் ஏழு சுத்த நாள் எண்ணும்படி தங்களுக்குத் தாங்களே கடுமை ஏற்றுக்கொண்டார்கள் என்ற வாசகமும் அவர் பெயரில்தான் வருகிறது. மேலே பெரும்பாட்டுக்கு என்று சொன்னேனே, அந்த ஏழு நாள் இப்படித்தான் எல்லா மாதவிலக்குக்கும் வந்து சேர்ந்தது. எது மாதவிலக்கு, எது காலம் தப்பியது என்று பிரித்தறிவது கடினமாகிப்போனதால் எல்லோருக்கும் கடுமையானதையே வைத்துவிட்டார்கள். வேதத்தில் ஏழு நாளில் முடிந்தது. இன்று ஆச்சாரமான அஷ்கெனாசி (ஐரோப்பிய வழி யூதர்) வீடுகளில் குறைந்தது ஐந்து நாளும் அதன் மேல் ஏழு நாளும் கழிந்து, மிக்வே என்ற குளத்தில் முழுகின பிறகுதான் கணவன் மனைவி தொட்டுக்கொள்ள முடியும். சுழற்சி குறுகலான பெண்ணுக்குக் கருமுட்டை வெளியாகும் நாள் அதற்குள் கடந்துபோய்க் கருத்தரிக்காமலே போவதும் உண்டு. பெண்களே விரும்பி ஏற்றுக்கொண்டார்கள் என்பது ஆண்கள் எழுதிவைத்தது, எந்த அளவு நம்புவது என்று எனக்குத் தயக்கம் இருக்கிறது. இன்னொரு பக்கம், விருப்பமே இல்லாமல் இத்தனை நூற்றாண்டு, ஒருவரும் எட்டிப் பார்க்க முடியாத ஒரு சட்டத்தைப் பெண்கள் கடைப்பிடித்திருக்கவும் முடியாது.

கட்டுரையில் சேர்த்திருக்க வேண்டிய ஒரு செய்தி: எருசலேமில் நிஷ்மாத் என்ற கல்வி நிறுவனம் இந்தச் சட்டத்தில் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து ஆலோசகர்களாக்குகிறது, முதல் அணி 1999-இல் வெளிவந்தது. துணியை ரபியிடம் கொண்டுபோகக் கூச்சப்பட்டவர்கள் இப்போது ஒரு பெண்ணிடம் கேட்கிறார்கள். சிக்கலான கேள்விகளில் கடைசித் தீர்ப்பு இன்னமும் ரபியிடம்தான் போகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வெளியே வைத்தார்கள், வேதம் படிக்க விடவில்லை என்ற இரண்டு வரிகளுக்கும் அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தம் போடுங்கள். இடம் இருந்தால் யல்தாவின் கதையையும் போடுங்கள், கடிதத்தைச் சுருக்குவதானால் வேறு எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை