ஊர் நலச் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

அன்புடையீர், வணக்கம்.

நம் சங்கத்தின் இந்த ஆண்டுப் பணிகளைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆண்டு முழுக்க நம்மை ஓட வைத்தது பள்ளிகளில் நடத்திய சுகாதார வகுப்புகள்தான். அதைப் பற்றியே அதிகம் சொல்லப் போகிறேன்.

போன ஆண்டு வரை நாம் செய்ததெல்லாம் பேச்சுதான். பேசினோம், பிள்ளைகள் கைதட்டினார்கள், வந்துவிட்டோம். ஆடி மாதம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புச் சன்னலுக்கு நேர் கீழே நீல மாத்திரைகள் சிதறிக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் அது போதாது என்று புரிந்தது. வாரம் ஒன்று என்று அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரைகள் அவை. ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். மழையில் நனைந்து சாயம் விட்டுக் கிடந்தன.

யாரையும் திட்ட வேண்டாம் என்று முடிவு செய்தோம். நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற செவிலியர் அம்மா, பெண் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார். வயிற்றைப் புரட்டுகிறது என்றார்கள் சிலர். மலம் கறுப்பாகப் போகிறது, ரத்தமோ என்று பயமாக இருக்கிறது என்றாள் ஒருத்தி. அதை வீட்டில் சொல்லவும் அவளுக்குக் கூச்சம். கறுப்பாகப் போவது இரும்பினால்தான், கெடுதல் இல்லை என்று சொன்னதும் அவள் முகமே மாறிவிட்டது. பலர் காலையில் சாப்பிடாமல் வருகிறார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. எட்டாம் வகுப்புக்கு அது இல்லை. தலைமையாசிரியரிடம் பேசி, மதிய உணவு முடிந்த பிறகு மாத்திரை கொடுக்க ஏற்பாடு செய்தோம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. இதைச் சின்ன விஷயமாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

நாய்க்கடி வகுப்பு நம் திட்டத்திலேயே இல்லை. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கெண்டைக்காலில் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டு வந்தான். தெருநாய் கடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய் ஊசி போட்டோம். நான்கு தவணையும் முடிந்து பையன் நலமாக இருக்கிறான். வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் உயிர் பிழைப்பது மிக மிக அரிது என்பதால், அடுத்த வாரமே வகுப்பு வைத்தோம். கடிவாயை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். 15 நிமிடம் என்பது எவ்வளவு நேரம் என்று பிள்ளைகளுக்கு வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. அதனால் ஒரு மாணவன் காலில் சாக்பீஸால் கடிவாய் வரைந்து, கடிகாரத்தைப் பார்த்துக் கழுவச் சொன்னோம். பாதியிலேயே "போதும் சார்" என்றார்கள். சரி, இன்னும் கொஞ்சம் என்று முழு நேரமும் கழுவ வைத்தோம்.

பிப்ரவரி 10 குடற்புழு நீக்க நாளில், மாத்திரையைக் கடித்துச் சாப்பிட வைக்க ஆசிரியர்களுக்குத் துணை நின்றோம்.

ஒரு குறையும் உண்டு. ஒரு பள்ளியில் மாதவிடாய் பற்றிய வகுப்புக்கு இரண்டு முறை தேதி கேட்டும் கிடைக்கவில்லை. மூன்றாவது முறையும் கேட்போம்.

அப்புறம் சோப்பு. கை கழுவும் முறையைக் கற்றுக்கொடுத்த பள்ளியிலேயே ஒரு மாதம் கழித்துப் போனால் குழாயடியில் சோப்பு இல்லை. இப்போது வலைப்பையில் சோப்பைப் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிடுகிறோம். மண்ணில் விழாது, காணாமலும் போகாது. தீர்ந்தால் மாற்றத்தான் ஆள் வேண்டும். மாதம் ஒரு சோப்புத் தர விரும்புகிறவர்களும், வாரம் ஒரு முறை போய்ப் பார்த்து வர முடிந்தவர்களும் கூட்டம் முடிந்ததும் என்னிடமுள்ள நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்