சின்ன டீம் என்று யார் சொன்னது? மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளை,

2025 ஜூன் மாதம் என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) இறுதித் தொடரில் உனக்குப் பிடித்த இந்தியானா டீம் ஏழாவது ஆட்டத்தில் தோற்ற அன்று காலையில் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. “ஸ்டார்கள் நிறைந்த டீம்தான் கடைசியில் ஜெயிக்கும் மாமா, மற்றதெல்லாம் மனசைத் தேற்றிக்கொள்ளும் பேச்சு” என்று சொல்லியிருந்தாய். அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஆனால் நம் கொழிஞ்சாம்பாறை கூடைப்பந்து டீம் கோயம்புத்தூர்க்காரர்களோடு ஆடப்போகிற ஆட்டத்தையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டாய். ஸ்டேட் ஆடிய பையன்கள் மூன்று பேர் அவர்களிடம் இருக்கிறார்கள் என்பதற்காக இப்போதே கையை விரிக்கிறாய். நம் டீமில் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

பாதி உண்மை உன் பக்கம் இருக்கிறது. பெரிய டீமுக்குக் கூடைப்பந்து அளவுக்குச் சாதகமான ஆட்டம் குறைவு. ஃபுட்பாலில் தொண்ணூறு நிமிடம் கோலைக் காத்து நின்று, கிடைத்த ஒரே வாய்ப்பில் அடித்து ஜெயித்துவிடலாம். சந்தோஷ் டிராபி பேசியே வளர்ந்த நம் பக்கத்து ஆட்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். என்.பி.ஏ. ஆட்டத்தில் ஒவ்வொரு டீமுக்கும் ஏறக்குறைய நூறு தடவை பந்து கைக்கு வருகிறது. அத்தனை தடவை நடக்கிற ஒன்றில் அதிர்ஷ்டத்துக்கு இடம் சுருங்கிப்போகும். போதாததற்குக் களத்தில் ஐந்தே பேர். 48 நிமிடத்தில் 40 நிமிடம் நிற்கிற ஒரு ஸ்டார், நினைத்தால் எல்லாத் தாக்குதலிலும் கை வைக்கலாம்.

தொடர் என்றால் இன்னும் கஷ்டம். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு டீமுக்கு நூற்றுக்கு 40 வாய்ப்பு என்று வைத்துக்கொள். ஏழு ஆட்டத்தில் நான்கை ஜெயிக்க வேண்டிய தொடரில் அது 29 ஆக இறங்கிவிடும். ஆட்டத்துக்கு 30 என்றால் தொடருக்கு 13தான். கணக்குப் போட்டுப் பார், இதே விடை வரும்.

சரி, அப்படியென்றால் 2004 என்.பி.ஏ. இறுதித் தொடரில் (ஃபைனல்ஸ்) லேக்கர்ஸை டெட்ராய்ட் எப்படி ஜெயித்தது? லேக்கர்ஸில் ஷகீல் ஓ'நீல், கோபி பிரயன்ட், கார்ல் மலோன், கேரி பேட்டன் என்று நான்கு பெரிய பெயர்கள். டெட்ராய்டில் பென் வாலஸை டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை டீம்கள் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) எந்த டீமும் எடுத்திருக்கவில்லை. சான்சி பில்லப்ஸ் ஊர் ஊராக டீம் மாறி வந்து சேர்ந்தவர். தொடர் 4-1 என்று முடிந்தது, பில்லப்ஸ்தான் ஃபைனல்ஸின் சிறந்த ஆட்டக்காரர். உலகமே அதிசயம் என்றது. ஆனால் அந்த சீசனின் கணக்கைப் பார்: லேக்கர்ஸ் 56 வெற்றி, டெட்ராய்ட் 54. இடைவெளி இரண்டே ஆட்டம்!

2011 ஃபைனல்ஸிலும் இதே கதைதான். லெப்ரான் ஜேம்ஸ், வேட், பாஷ் என்ற மூன்று ஸ்டார்களும் சேர்ந்த மயாமிக்கு 58 வெற்றி. அவர்களை 4-2 என்று வீழ்த்திய டல்லாஸுக்கு 57.

நான் சொல்ல வந்தது இதுதான் மாப்பிள்ளை. நாம் சின்ன டீம் என்று கொண்டாடுகிற பல டீம்கள் பெயரில்தான் சின்னவை, ஆட்டத்தில் இல்லை. பேப்பரில் போட்டோ யாருடையது பெரிதாக வருகிறது என்பதை வைத்து நாம் அவர்களைச் சின்னவர்கள் ஆக்கிவிடுகிறோம். சீசன் முழுக்க அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பதில்லை.

இதற்கு இதயம், வெறி என்று காரணம் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை கிடையாது. கோபிக்கு வெறி இல்லையா? கோப்பைக்காகவே லேக்கர்ஸுக்கு வந்த மலோனுக்கு ஆசை இல்லையா? டெட்ராய்டிடம் இருந்தது ஒரு தெளிவான முடிவு. ஓ'நீலுக்கு இரண்டு ஆள் போட்டு மறிக்காமல், பெரும்பாலும் ஒருவரை மட்டும் வைத்து அவரை ஆடவிட்டார்கள். மற்ற நான்கு பேருக்கும் மூச்சு விட இடம் தரவில்லை. முதல் ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டைப் பார்த்தால் விளங்கும்: ஓ'நீல் 34, கோபி 25, மீதி டீம் மொத்தமும் சேர்ந்து 16. டெட்ராய்டின் டேஷான் பிரின்ஸின் நீளமான கை கோபியின் முகத்துக்கு முன்னால் எப்போதும் இருந்தது. மூன்றாவது ஆட்டத்தில் கோபிக்கு 11 புள்ளி, லேக்கர்ஸுக்கு மொத்தமே 68. மலோனுக்கு முழங்காலில் அடி என்பதும் உண்மை, கடைசி ஆட்டத்தில் அவர் இறங்கவே இல்லை. அதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் முதல் ஆட்டத்திலிருந்தே அந்தத் திட்டம் வேலை செய்தது.

தொடர் நீளமாக இருப்பது பெரிய டீமுக்குத்தான் லாபம் என்று மேலே கணக்குச் சொன்னேன். இன்னொரு பக்கமும் உண்டு: நீளமான தொடரில் படிக்க நேரம் கிடைக்கும். 2011-ல் டல்லாஸ் மூன்று ஆட்டம் முடிந்தபோது 2-1 என்று பின்தங்கியிருந்தது. நான்காவது ஆட்டத்துக்கு அவர்களுடைய கோச் ரிக் கார்லைல், களத்திலேயே குட்டையான ஜே.ஜே. பரேயாவை முதல் ஐந்தில் இறக்கினார். அதோடு அவ்வப்போது ஸோன் (ஆளைப் பிடிக்காமல் இடத்தைக் காக்கும் தடுப்பு) போட்டு லெப்ரானைக் குழப்பினார்கள். சீசனில் சராசரி 26.7 எடுத்தவர் அந்தத் தொடரில் 17.8, நான்காவது ஆட்டத்தில் எட்டே எட்டு. டல்லாஸ் அதன் பிறகு ஒரு ஆட்டமும் தோற்கவில்லை. ஆறாவது ஆட்டத்தின் முதல் பாதியில் நோவிட்ஸ்கி பன்னிரண்டு முறை எறிந்து ஒன்றைத்தான் போட்டார். கோப்பை கைக்கு வரும் நாளில் தங்கள் ஒரே பெரிய ஸ்டாருக்குக் கை வரவில்லை என்றால் வேறு டீம் கலங்கியிருக்கும். பெஞ்சிலிருந்து வந்த ஜேசன் டெரி 27 புள்ளி எடுத்தார். நீ டீம் கேப்டன், அந்த ஆட்டத்தை ஒருமுறை முழுசாக உட்கார்ந்து பார்.

அந்தக் கார்லைலைக் கவனி. டெட்ராய்டுக்கு 2003 வரை கோச்சாக இருந்தவர் அவர். இரண்டு சீசனிலும் 50 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தும் அனுப்பிவிட்டார்கள், அடுத்த வருடமே புது கோச் லாரி பிரவுன் கையில் கோப்பை வந்தது. அப்புறம் டல்லாஸ். 2025-ல் உன் இந்தியானாவும் அவர் கையில்தான் இருந்தது. ஸ்டார்கள் நிறைந்த டீமுக்கு எதிரே எப்படி நிற்பது என்று இவ்வளவு காலம் யோசித்த ஆட்கள் குறைவு.

உண்மையிலேயே சின்ன டீம் ஜெயித்த கதையும் இருக்கிறது. 1975 ஃபைனல்ஸில் மோதிய இரண்டு டீமில் கோல்டன் ஸ்டேட்டுக்கு 48 வெற்றி, எல்வின் ஹேய்ஸும் வெஸ் அன்செல்டும் இருந்த வாஷிங்டனுக்கு 60. கோல்டன் ஸ்டேட்டின் சொந்த அரங்கத்தை வேறு நிகழ்ச்சிக்குக் கொடுத்திருந்ததால் அவர்கள் பக்கத்து ஊர் அரங்கத்தில் ஆட வேண்டிவந்தது. முடிவு 4-0. நான்கு ஆட்டத்தையும் சேர்த்தால் மொத்த வித்தியாசம் 16 புள்ளிதான், அதில் இரண்டு ஆட்டம் ஒரு புள்ளியில் முடிந்தவை. ரிக் பாரி என்ற பெரிய ஆட்டக்காரர் அவர்களிடம் இருந்தார், அதை மறைக்கக் கூடாது. ஆனால் கோச் ஆல் ஆட்டில்ஸ் பெஞ்சில் இருந்த அத்தனை பேரையும் மாற்றி மாற்றி இறக்கினார். யாரும் களைக்கவில்லை.

இப்போது உன் இந்தியானாவுக்கு வருகிறேன். அந்த சீசனில் எதிர் டீம் ஓக்லஹோமா 68 வெற்றி, இந்தியானா 50. நடுவில் 18 ஆட்டம். டெட்ராய்ட், டல்லாஸ் போல இது சமமானவர்களின் சண்டை இல்லை. அப்படியிருந்தும் முதல் ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் 15 புள்ளி பின்தங்கிய பிறகு, 0.3 விநாடி மிச்சமிருக்கும்போது இந்தியானாவின் ஹாலிபர்டன் போட்ட பந்தில் 111-110. அந்த ஆட்டத்தில் அவர்கள் முன்னிலைக்கு வந்ததே அந்த ஒரு தடவைதான். ஆறாவது ஆட்டத்தில் 108-91. ஏழாவதில் ஹாலிபர்டன் காலைப் பிடித்துக்கொண்டு தரையை அறைந்தபோது எனக்கும் வயிறு எரிந்தது. நீ அப்போதே போனை மூடி வைத்துவிட்டாய் என்று அக்கா சொன்னாள். மூடியிருக்கக் கூடாது மாப்பிள்ளை. அவர் போன பிறகும் பாதி ஆட்டத்தில் இந்தியானா 48-47 என்று முன்னால் இருந்தது. மூன்றாவது கால்பகுதியில்தான் ஆட்டம் கை நழுவியது. கடைசியில் 103-91. அந்தத் தொடரைப் பார்த்து “ஸ்டார்தான் ஜெயிக்கும்” என்று நீ முடிவு கட்டுவது அந்தப் பையன்களுக்குச் செய்கிற அநியாயம்.

நமக்கு வருவது ஒரே ஆட்டம், 40 நிமிடம். மேலே சொன்ன கணக்கே இங்கே நம் பக்கம் திரும்பும். நூற்றுக்கு 40 என்றால் 40தான், அது 29 ஆக இறங்காது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் டங்கன், ஐவர்சன் என்ற என்.பி.ஏ. ஸ்டார்கள் இருந்த அமெரிக்காவை அர்ஜென்டினா 89-81 என்று வென்றதும் ஒரே ஆட்டத்தில்தான். அர்ஜென்டினாக்காரர்கள் பல வருடம் சேர்ந்து ஆடியவர்கள். நம் பையன்களும் எட்டாம் வகுப்பிலிருந்து ஒன்றாகத்தான் ஆடுகிறார்கள்.

அவர்களுடைய உயரமான சென்டருக்கு இரண்டு பேரை அனுப்பாதே. ஒருவன் போதும், அவன் எடுக்கிறதை எடுக்கட்டும். வெளியே நிற்கும் அந்த இரண்டு ஸ்டேட் பையன்களுக்குப் பாஸ் போகக் கூடாது. பந்து அவர்களுடைய நான்காவது, ஐந்தாவது ஆள் கைக்கு வரட்டும், எறியச் சொல். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும். உள்ளரங்கத்திலேயே பழகியவர்களுக்கு நம் சிமெண்ட் கோர்ட்டில் மேற்கு ரிங்குக்குத் தூரத்திலிருந்து எறிகிற த்ரீ (மூன்று புள்ளி எறிதல்) எல்லாம் குறைந்துதான் விழும். நம் ஆட்கள் போர்டில் தட்டிப் போடட்டும். பத்துப் பேரையும் இறக்கு. பெஞ்சில் இருக்கிற அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவன் ஐந்து நிமிடம் ஓடினால் உன் கால் கடைசிக் கால்பகுதியில் ஓடும்.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரையும் கோர்ட்டுக்கு வரச் சொல். அவர்களுடைய போன ஆட்டத்தின் வீடியோ கிடைத்தது. யார் எந்தக் கையால் மட்டும் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிறான், யாருக்கு ஃப்ரீ த்ரோ வராது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வேலந்தாவளம் வழியாக வரும் பஸ்ஸில் அஞ்சு மணிக்குள் வந்துவிடுவேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மாமா