லேமினேட்டருக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

வீட்டிலேயே சர்க்யூட் போர்டு செய்யும் சேலத்து நண்பர்கள் சார்பில் எழுதுகிறோம். லேசர் பிரிண்டில் எடுத்த சர்க்யூட் படத்தின் டோனரை (பிரிண்டர் மைத்தூள்) லேமினேட்டர் சூட்டில் செம்பு பூசிய போர்டில் ஒட்டவைப்பதுதான் எங்கள் முறை.

ஐந்து ரோட்டு ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கு முதல் நன்றி. பழைய ஏ4 லேமினேட்டரைக் காசு வாங்காமல் கொடுத்தார். பிரிண்டையும் டோனர் சேமிப்பை அணைத்து, நல்ல அடர்த்தியில் எடுத்துத் தருகிறார். கீழ் லேயரை அப்படியே எடுக்க வேண்டும், மேல் லேயரை மட்டும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திருப்ப வேண்டும் என்பது இப்போது அவருக்கே மனப்பாடம்.

பெரிய நன்றி அம்மாப்பேட்டை லேத் பட்டறைக்காரருக்கு. சூட்டை ஏற்றினால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் வேகத்தைக் குறைப்பதே முக்கியம். செம்பு சூட்டை உறிஞ்சிவிடும். ரோலரைச் சட்டென்று தாண்டினால் டோனர் பாதிதான் ஒட்டும். மெஷினில் இருப்பது சிங்க்ரனஸ் மோட்டார், அதன் வேகம் கரண்டின் 50 ஹெர்ட்ஸுக்குக் கட்டுப்பட்டது. ஃபேன் ரெகுலேட்டர் போட்டால் வேகம் குறையாது, இழுவை போய் நின்றுவிடும். அதைக் கழற்றி 12 வோல்ட் கியர் மோட்டார் வைத்தோம். அதன் 6 மி.மீ. தண்டுக்குப் பித்தளை புஷ் (தண்டில் மாட்டும் வளையம்) கடைந்து கொடுத்தவர் இவரே. இப்போது நிமிடத்துக்கு 10 செ.மீ. நகர்கிறது. 1.6 மி.மீ. போர்டு நுழைய ரோலர் ஸ்பிரிங்கையும் தளர்த்திக் கொடுத்தார். 0.8 மி.மீ. போர்டு என்றால் அந்த வேலையே வேண்டாம். எதுவானாலும் ஓரப் பிசிறை அரம் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் சிலிக்கான் ரோலர் கிழியும்.

சூரமங்கலம் வைண்டிங் கடை ஐயா எங்களைத் திட்டியதற்கும் நன்றி! தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் கே வகை தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் சென்சார்), பிஐடி கன்ட்ரோலர் (சூட்டை நிலையாக வைக்கும் கருவி), எஸ்எஸ்ஆர் (ஹீட்டரை ஆன்-ஆஃப் செய்யும் சாலிட் ஸ்டேட் ரிலே) வைத்து 165 டிகிரிக்கு நிறுத்தினோம். சூடு மிஞ்சினால் கரண்டை வெட்டும் தெர்மல் ஃபியூஸைத் தூக்கிவிடலாமா என்றதற்குத்தான் அந்தத் திட்டு. எஸ்எஸ்ஆர் கெட்டால் பெரும்பாலும் ஷார்ட்டாகும், ஹீட்டர் அணையாது. 216 டிகிரி ஃபியூஸை அவரே கிரிம்ப் செய்து (ஒயரோடு நசுக்கி இணைத்து) மாட்டினார். சால்டரிங் வைத்தால் அந்தச் சூட்டிலேயே போய்விடும். பழைய இரண்டு பின் ஒயரை எடுத்துவிட்டு எர்த்தோடு மூன்று பின் ஒயரும் போட்டார்.

ஏற்காட்டு நண்பருக்கும் நன்றி. பனியில் தாள் ஈரம் குடித்தால் கொப்புளம் வரும் என்பதால் சிலிக்கா ஜெல் டப்பாவில் வைக்கச் சொன்னார். 230 வோல்ட் 190 ஆக இறங்கினால் ஹீட்டர் தருவது 68 சதவீதம்தான். அப்போது மெஷினைக் கூடுதல் நேரம் சூடாகவிட்டே போர்டை விட வேண்டும்.

புஷ் இரண்டு மிச்சம் இருக்கிறது. வேண்டியவர்கள் அம்மாப்பேட்டைப் பட்டறையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.