அம்மாவின் நடையை எடைக் கருவியால் அளக்காதீர்கள்

தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

என் அம்மாவுக்கு 66 வயது. பருத்த உடம்பு, ரத்த அழுத்தம், முழங்கால் வலி. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஒரு தன்னார்வலர் வாசல் தேடி வந்து மாத்திரை தருகிறார். அந்தப் பெண்ணுக்கு எங்கள் வீடு நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

போன வருடம் அம்மா மூன்று மாதம் விடாமல் காலையில் நடந்தார். பிறகு ஒரு மருத்துவமனையில் எடை பார்த்தார்கள். அரைக் கிலோகூடக் குறையவில்லை. "நடந்து என்ன கண்டேன்?" என்றவர் மறுநாள் வீட்டை விட்டு இறங்கவில்லை.

எடை குறையாவிட்டாலும் பலன் உண்டு என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. ரத்தக் குழாயின் உட்புறத்தில் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் இருக்கிறது. நடக்கும்போது ரத்தம் விரைந்து உரசிப் போவதால் அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கிறது. குழாய் இளகி விரிகிறது. நைட்ரிக் ஆக்சைடின் இந்த வேலையைக் கண்டறிந்தவர்களுக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைய, அந்தச் சுரப்பும் மங்குகிறது. உடற்பருமன் சேர்ந்தால் குழாய்கள் மேலும் விறைக்கின்றன. வயதான ஆண்களுக்குக் கிடைக்கும் அளவுக்கு இந்தப் பெண்களின் குழாய்களுக்குப் பயிற்சியின் பலன் சீராகக் கிடைப்பதில்லை என்பதும் உண்மைதான். அதனால்தான் இவர்களைப் பாதியில் கைவிடக் கூடாது என்கிறேன். ரத்த அழுத்தம் சற்று இறங்குவதற்கும் கால்கள் வலுப்பெறுவதற்கும் எடை குறையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

2023இல் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டம் கொண்டுவந்தீர்கள். நல்ல காரியம். ஆனால் அம்மாவுக்கு வேண்டியது தெருவுக்குப் பக்கத்தில் இருநூறு மீட்டர் சமதளம், நடுநடுவே உட்கார பெஞ்சு, பூட்டிக் கிடக்காத ஒரு கழிப்பறை. சிறுநீரை அடக்க முடியாதோ என்ற பயத்திலேயே எத்தனை பெண்கள் வெளியே வருவதில்லை என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

65 வயதைக் கடந்தவர்களும் வாரம் 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும், அதோடு தசை வலுவுக்கும் சமநிலைக்கும் தனிப் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியை அவர்கள் சொல்லித் தரட்டும். தன்னார்வலரின் பதிவேட்டில் ரத்த அழுத்தத்துக்குப் பக்கத்தில் "இந்த வாரம் எத்தனை நாள் நடந்தீர்கள்?" என்று ஒரு கட்டம் சேருங்கள்.

அம்மா இந்த மாதம் மறுபடி நடக்கத் தொடங்கியிருக்கிறார். அடுத்த முறை மாத்திரையோடு வரும் தன்னார்வலரை அந்தக் கேள்வியை அம்மாவிடம் கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மகள்