அந்தச் சின்னப் பாக்கெட் எதற்கென்று யாரும் சொல்லவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மரபணு மாற்றிய பயிர் நல்லதா கெட்டதா என்று உங்கள் கடிதப் பகுதியில் கொஞ்ச நாளாகப் பலரும் எழுதுகிறார்கள். விஷம் என்கிறார் ஒருவர், அது வந்தால்தான் விவசாயி பிழைப்பான் என்கிறார் இன்னொருவர். பருத்தி போடுகிறவர்கள் யாரும் எழுதக் காணோம். அதனால் நான் எழுதுகிறேன்.

மூலனூர் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் தோட்டம். 1984இல் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து பருத்திதான். அப்போதெல்லாம் கோயம்புத்தூரில் உருவாக்கிய எம்.சி.யு. 5 ரகம். பஞ்சு நல்ல நீளம், விலையும் கிடைக்கும். ஆனால் பச்சைக் காய்ப்புழு விடாது. சப்பை (பூ மொட்டு) வைத்ததிலிருந்து பத்து நாளுக்கு ஒரு மருந்து, ஒரு பட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை அடித்திருக்கிறோம். 1998 கார்த்திகையில் மருந்து அடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கண் இருட்டி வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். வாயெல்லாம் எச்சில், கூப்பிட்டால் பேச்சில்லை. தாராபுரத்துக்குக் கொண்டுபோய் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து கூட்டி வந்தோம். அன்று போட்டிருந்த சட்டையை மூன்று தடவை துவைத்தும் வாடை போகவில்லை. கட்டுத்தரைக்குப் பின்னால் போட்டுக் கொளுத்திவிட்டேன்.

அதனால்தான் மரபணு மாற்றிய பி.டி. பருத்தியை நான் வாய்க்கு வந்தபடி திட்டமாட்டேன். 2002இல் அதற்கு அனுமதி கிடைத்தது. நாங்கள் 2004இல் போட்டோம். மண்ணில் இருக்கும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைப் பருத்தியில் சேர்த்திருக்கிறார்கள், இலையையோ காயையோ கடித்தால் புழு செத்துவிடும் என்றார்கள். பாக்கெட் 1,600 ரூபாய்க்கு மேல். கையைக் கடித்தாலும் வாங்கினோம். அந்த வருசம் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிக்கும் அசுவினிக்கும் மூன்று தடவை மருந்து அடித்ததோடு சரி. புழுவுக்கென்று ஒரு சொட்டு அடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் டேங்கைத் தோளில் மாட்டாத அந்த மார்கழியை நான் மறக்கவில்லை.

இப்போது பாக்கெட் விசயத்துக்கு வருகிறேன். 450 கிராம் விதையோடு கூடவே 120 கிராமில் ஒரு சின்னப் பாக்கெட்டும் இருக்கும். இது எதற்கு என்று விதை வாங்கிய கடையில் கேட்டேன். "அது சும்மா சேர்ந்து வர்றதுங்க, முளைக்காத குழியில ஊனிக்குங்க" என்றார்கள். உள்ளே ஒரு தாளும் இருந்தது. பொடி எழுத்து, நான் படிக்கவில்லை. அது என் தப்புதான். ஊரில் பாதிப்பேர் அந்தப் பாக்கெட்டைத் தூக்கி எறிந்தார்கள், நான் அட்டாலியில் போட்டு வைத்தேன்.

2017 மார்கழியில் ஒரு நாள் பருத்தி எடுக்கப் போனால், வெடிக்க வேண்டிய காய்கள் பாதி வாயைத் திறந்தபடி நின்றன. ஒரு பச்சைக்காயைப் பறித்துப் பார்த்தேன். வெளியே ஓட்டை கிடையாது, சொத்தை கிடையாது, கல்லு மாதிரி இருந்தது. நகத்தால் பிளந்தால் உள்ளே பஞ்சு பழுப்பேறி ஈரமாக ஒட்டிக் கிடக்கிறது, இரண்டு கொட்டைகளை ஒன்றாகச் சேர்த்து ஒட்டிக்கொண்டு நடுவில் ரோஸ் கலரில் ஒரு புழு. அடுத்த காயிலும் அதே. அந்தத் தடவை எங்கள் மூட்டையை ஏலத்தில் கொட்டுப் பருத்தி என்று ஒதுக்கிவிட்டார்கள்.

வேளாண்மை படிக்கும் என் தம்பி மகள் பொங்கலுக்கு வந்தபோதுதான் விளக்கம் கிடைத்தது. அந்தச் சின்னப் பாக்கெட்டில் இருந்தது பி.டி. இல்லாத சாதா விதை. காட்டைச் சுற்றி ஐந்து வரிசை, அல்லது ஐந்தில் ஒரு பங்கு நிலம், எது அதிகமோ அந்த அளவுக்கு அதை ஊனியிருக்க வேண்டும். எல்லாச் செடியிலும் விஷம் இருந்தால், தப்பிப் பிழைக்கும் ஒன்றிரண்டு புழுக்கள் அந்துப்பூச்சியாகித் தங்களுக்குள்ளேயே இணைசேரும். பிறக்கும் புழுக்களும் விஷத்தைத் தாங்கும். ஓரத்துச் சாதாச் செடியில் வளர்ந்த பூச்சிகள் ஏராளமாக இருந்தால் அவற்றோடுதான் சேரும். அப்படிப் பிறக்கும் புழுவுக்குத் தாங்கும் சக்தி இருக்காது. விசயம் இவ்வளவுதான். இதை அன்றைக்கே கடையில் ஐந்து நிமிசம் யாராவது சொல்லியிருந்தால் நான் ஊனியிருப்பேன்.

குஜராத்தில் இந்த ரோஸ் காய்ப்புழு, முதலில் வந்த பி.டி. ரகத்தின் ஒற்றை மரபணுவுக்குப் பழகிவிட்டது என்பது 2010லேயே உறுதியாகிவிட்டது. 2006இல் அனுமதித்த இரட்டை மரபணு ரகமும் அப்புறம் அந்தப் புழுவைத் தடுக்கவில்லை. அமெரிக்காவிலும் இதே புழு இருந்தது. அரிசோனாவில் 1996 முதல் பி.டி. போட்டார்கள், ஓரத்தில் சாதாப் பருத்தியும் போட்டார்கள், பிறகு மலட்டு அந்துப்பூச்சிகளை விமானத்திலிருந்து கோடிக்கணக்கில் விட்டார்கள். பருத்தி விளையும் இடங்களில் அந்தப் புழுவை ஒழித்துவிட்டோம் என்று 2018இல் அறிவித்தார்கள். அங்கே பெரிய பெரிய பண்ணைகள், நம்மிடம் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர். அதிலும் ஐந்தில் ஒரு பங்கைப் புழுவுக்கு விடு என்றால் அந்த நட்டத்தை யார் தாங்குவது என்று கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூட எங்களுக்கு விவரம் தெரிந்திருக்கவில்லையே. இப்போது சாதா விதையையும் ஒரே பாக்கெட்டில் கலந்து தருகிறார்கள். புழு பழகி முடிந்த பிறகு.

சாப்பாட்டுக்கு வந்தால் என்னாகும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இருபது வருசமாக எங்கள் கட்டுத்தரை மாடுகள் இந்தப் பருத்திக்கொட்டையைத்தான் தின்கின்றன, நான் பார்த்தவரை கறவையிலோ கன்றிலோ ஒரு குறையும் இல்லை. புழுவைக் கொல்லும் அந்த பி.டி. புரதம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில்தான் வேலை செய்யும், மனிதர் வயிற்று அமிலத்தில் சிதைந்துவிடும் என்று தம்பி மகள் சொல்கிறாள். எனக்கு அந்தப் பயம் பெரிதாக இல்லை. எனக்குப் பயம், எங்களிடம் சொல்லாமல் செய்வதில்தான்.

பி.டி. கத்தரியையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆராய்ச்சியில் நம் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கும் பங்குண்டு. 2010இல் அதை நிறுத்தி வைப்பதற்கு முன்னால் மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் கருத்துக் கேட்டார். ஏழில் ஒன்றுகூடத் தமிழ்நாட்டில் இல்லை. வங்கதேசத்தில் 2014 முதல் அதைப் பயிரிடுகிறார்கள். இங்கே தண்டுத்துளைப்பானுக்குப் பயந்து கத்தரிக்கு மருந்து அடித்துக்கொண்டேதான் இருக்கிறோம். வேண்டும் என்பவரையும் கேட்கவில்லை, வேண்டாம் என்பவரையும் கேட்கவில்லை.

2025 மே மாதத்தில் மரபணு திருத்திய நெல் இரண்டு ரகங்களை மத்திய அரசு அறிவித்தது. ஒன்று நாம் பி.பி.டி. என்று வாங்கிச் சாப்பிடும் சம்பா மசூரியிலிருந்து வந்தது. வெளி மரபணு எதையும் சேர்க்கவில்லை என்பதால் பி.டி. பருத்திக்கு இருந்த கட்டுப்பாடுகள் இதற்கு இல்லை. நல்ல ரகமாகவே இருக்கட்டும். விதை ஊருக்கு வருவதற்கு முன்னால் எங்கே போட்டுப் பார்த்தார்கள், என்ன விளைந்தது, எதைச் செய்யக்கூடாது என்று அமராவதி பாசனத்துக்காரர்களை உட்கார வைத்துத் தமிழில் சொல்லட்டும். விதை மூட்டையிலும் பெரிய எழுத்தில் போடட்டும். பருத்திக்கும் வரும் ஆவணிக்கு முன்னால் எங்கள் வட்டாரத்தில் ஒரு கூட்டம் போட வேண்டும் என்று வேளாண்மைத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த 120 கிராம் பாக்கெட் பிரிக்காமல் இன்னும் எங்கள் அட்டாலியில் இருக்கிறது. கூட்டத்துக்கு எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பருத்தி விவசாயி,
மூலனூர் வட்டாரம், திருப்பூர் மாவட்டம்.